தோட்டத்துப் பலாமரம் வீட்டு நிலையாகும் வரை: கீழ்ப்பழனி மலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலருடைய நிலத்தில் தாத்தா காலத்துப் பலா ஒன்றிரண்டாவது நிற்கும். வீடு கட்டும்போதோ, மகளுக்குக் கட்டில் பீரோ செய்யும்போதோ, "நம்ம மரம்தானே, அறுத்துக்கலாம்" என்ற நினைப்பு தானாக வரும். நானும் அப்படித்தான் இறங்கினேன். மரத்தில் ஒரு குறையும் இல்லை. அலைச்சல்தான் அதிகம். எந்த அலுவலகத்தில் என்ன காகிதம், கட்டையை எத்தனை அடியில் துண்டு போடுவது, எவ்வளவு காலம் காயவைப்பது என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அதனால் இதை வரிசைப்படி எழுதிவைக்கிறேன்.

இது பலாவுக்கு மட்டும். ஈட்டி (ரோஸ்வுட்), சந்தனம் இரண்டுக்கும் கட்டுப்பாடுகள் வேறு ரகம். அவை உங்கள் நிலத்தில் நின்றால் இதைப் பார்த்துக் கோடரி எடுக்க வேண்டாம்.

1. முதலில் அளவுப்பட்டியல், அப்புறம்தான் மரம்

எல்லோரும் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஆசாரியைக் கூப்பிடுகிறார்கள். முறை நேர்மாறானது. ஆசாரியை முன்னாடியே அழைத்து, என்ன செய்யப் போகிறோம், எத்தனை நிலை, எத்தனை கதவு, கட்டில் சட்டம் எவ்வளவு நீளம் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இந்தத் தாள் இல்லாமல் அறுப்புப் பட்டறைக்குப் போனால் அவர்களுக்கு எது வசதியோ அந்த அளவில் அறுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 5 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம், கீழ்ப்படியும் உள்ள ஒரு நிலை. இரண்டு கால் 14 அடி, மேலும் கீழும் 7 அடி, ஆக 21 அடி ஓட்டம். 5 × 3 = 15 சதுர அங்குலம்; 144-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் 2.2 கன அடி. ஆனால் காய்ந்து சுருங்கவும் இழைக்கவும் அகலத்திலும் கனத்திலும் கால் அங்குலம் கூட்டி, ஐந்தேகாலுக்கு மூன்றேகாலாக அறுக்க வேண்டும். அப்போது இரண்டரை கன அடி ஆகிவிடும். ஒரு நிலைக்கு இரண்டரை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. மரம் தேறுமா?

பலாவின் மதிப்பு முழுக்க அதன் வைரத்தில், அதாவது உள்ளே முற்றி இறுகிய பகுதியில்தான். வெட்டிய அன்று நல்ல மஞ்சளாக இருக்கும் வைரம், வெளிச்சம் படப்பட பழுப்பாகி, வருஷக்கணக்கில் சிவந்த பழுப்புக்கு வந்து நிற்கும். கரையானும் பூஞ்சையும் அதை எளிதில் தொடாது. நன்றாகக் காய்ந்தபின் கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ, அதாவது கன அடிக்கு 17 கிலோ அளவில் இருக்கும். தேக்கைவிடக் கொஞ்சம் லேசு. காயும்போது சுருக்கம் குறைவு, உளிக்கு அடங்கும், பாலீஷ் நன்றாக ஏறும். நிலை, கதவு, ஜன்னல், கட்டில், ஊஞ்சல் பலகை, பூஜை அறைக் கதவு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். அகலமான கூடத்துக்குக் குறுக்கே போடும் விட்டத்துக்கு நான் இதைப் போடமாட்டேன். அவ்வளவு பாரத்துக்கு இதைவிட உறுதியான மரங்கள் இருக்கின்றன.

வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதி, ஆசாரிகள் 'வெள்ளை' என்று சொல்வது, எதற்கும் ஆகாது. சில மாதங்களிலேயே பொடிப்பொடியாக உளுத்துக் கொட்டும். இளமரத்தில் வெள்ளைதான் அதிகம். அதனால் நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும் நடுவயது மரத்தை வெட்டாதீர்கள். பழமும் போகும், பலகையும் தேறாது. காய்ப்பு விழுந்துபோன கிழட்டு மரத்தில்தான் வைரம்.

கிழட்டு மரத்தின் சிக்கல் பொந்து. வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே நெஞ்சு, அதாவது மரத்தின் நட்டநடு, அழுகியிருக்கும். அடிமரத்தைச் சுற்றிவந்து கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி கனத்த சத்தம் வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் டமடம என்று கேட்டால் உள்ளே காலி. வேர்ப்பக்கம் காளான் தட்டுபோல முளைத்திருந்தாலும், பழைய கிளை முறிந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். வெட்டுவது என்று முடிவாகிவிட்ட மரமாக இருந்தால், நம் மார்பு உயரத்தில் அரை அங்குலத் துரப்பணத்தால் நடுவை நோக்கி ஒரு துளை போட்டு, வரும் தூளைக் காகிதத்தில் வரிசையாகப் பிடிக்கலாம். முதலில் வெளுத்த தூள், அப்புறம் அடர் மஞ்சள். வெளுத்தது எவ்வளவு ஆழம் வரை வந்தது என்பதை வைத்து வெள்ளையின் கனம் தெரிந்துவிடும். நடுவில் கறுத்து நசநசவென்று ஈரத்தூள் வந்தால் நெஞ்சு கெட்டுவிட்டது. பால் வடிந்து துரப்பணம் ஒட்டிக்கொள்ளும். முனையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

சிலர் அயனியையும் பலாவையும் ஒன்றாகப் பேசுவார்கள். அயனி பலாவின் காட்டு உறவு, சின்னப் பழம், நேராக ஓங்கி வளரும் மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்குரியது. விற்க வருபவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

3. காகிதங்கள்: இதில்தான் மாதங்கள் போகும்

பட்டா நிலத்தில் நம் மரத்தை வெட்டக் கேட்கவா வேண்டும் என்று சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மலையில் கேட்க வேண்டும். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் முன் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது. கொடைக்கானல் மலைப்பகுதியும் நீலகிரியும் அதில் வருகின்றன. அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு. மனு வனத்துறை வழியாகப் போகும். அதனால் உங்கள் நிலம் கொடைக்கானல் வனக்கோட்டத்தில் இருக்கிறதா, திண்டுக்கல் வனக்கோட்டத்தில் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு திரும்பி வருவதற்கே ஒரு பருவம் போய்விடும்.

சில நிலங்கள் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்திலும் வரும். பட்டா கையில் இருந்தாலும் 'தனியார் காடு' என்று பதிவாகியிருந்தால் அதற்குத் தனி அனுமதி. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சர்வே எண்ணைப் பார்த்துச் சொல்வார்.

கையில் இருக்க வேண்டியவை:

பட்டா, சிட்டா நகல். இணையத்தில் எடுத்ததே போதும், ஆனால் பெயர் உங்கள் பெயராக இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா நின்றால் முதலில் வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம். இதை முடிக்காமல் மரத்துக்கு மனுப் போட்டுப் பயனில்லை.

கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகள் எல்லோரின் சம்மதக் கடிதமும். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனின் கையெழுத்து உட்பட. மரம் விழுந்தபிறகு "என் பங்கு எங்கே" என்று வரும் தகராறு, அலுவலகத் தகராறைவிடக் கொடியது.

அடங்கல் நகல். அதில் மரங்களின் விவரம் பதிவாகியிருக்கும். பலா என்று பெயரும் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி முதலில் சரிசெய்யுங்கள்.

புலப்பட நகல், அதாவது நிலத்தின் அளவு வரைபடம். மரம் எல்லையோரத்தில் நின்றால் இது கட்டாயம் தேவைப்படும். பக்கத்தில் காப்புக்காடு இருந்தால் எல்லைக்கல் வரை அளந்து காட்டச் சொல்வார்கள்.

வில்லங்கச் சான்று. வங்கியில் நிலம் அடமானத்தில் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மரத்தின் படங்கள், அடிச் சுற்றளவு, எதற்காக வெட்டுகிறீர்கள் என்ற காரணம். 'சொந்த வீட்டு உபயோகம்' என்பதும், 'காய்ப்பு நின்ற மரம், சாய்ந்து வீட்டுக்கு ஆபத்து' என்பதும் வேறு வேறு காரணங்கள். உண்மை எதுவோ அதை எழுதுங்கள், பார்வையிட வருபவர் மரத்தைப் பார்க்கத்தான் போகிறார்.

நிபந்தனைப் பட்டாவாக, அதாவது அரசு ஒப்படைத்த நிலமாக இருந்தால், ஒப்படைப்பு ஆணையை எடுத்துப் படியுங்கள். சிலவற்றில் மரங்களின் மேல் உரிமையை அரசே வைத்துக்கொண்டிருக்கும்.

பார்வையிடும் நாளில் நீங்கள் தோட்டத்தில் இருங்கள். மரத்தில் சுண்ணாம்பால் எண் போட்டு வையுங்கள். மனுவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல், பெற்றுக்கொண்டதற்கான ரசீது, தேதி எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டால், நாட்கணக்கில் யாரும் சொல்ல முடியாது. குழு கூட வேண்டும், அறிக்கை போக வேண்டும். மாதக்கணக்கு என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு மரத்துக்கு மனுப் போடுவது வீண் பதற்றம்.

இன்னொரு பொறி: சில்வர் ஓக். பக்கத்துத் தோட்டக்காரர் சுலபமாக வெட்டி ஏற்றியதைப் பார்த்திருப்பீர்கள். தோட்ட நிழலுக்கென்று நட்ட வெளிநாட்டு மரங்களுக்கு உள்ள சலுகை பலாவுக்கும் உண்டு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எந்த மரத்துக்கு விலக்கு என்பது அரசாணையைப் பொறுத்தது. வனச்சரக அலுவலகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வியாபாரி. "பர்மிட்டெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று ஒருவர் கட்டாயம் வருவார். மனு உங்கள் பெயரில், நிலம் உங்கள் பெயரில், வழக்கு வந்தாலும் உங்கள் பெயரில்தான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மரத்துக்கு வாங்கிய அனுமதியில் மூன்று மரம் ஏறிப் போவது இந்த மலையில் புதிதல்ல.

4. எந்த மாதம்?

அரபிகா காபிப் பழம் எடுத்து முடித்து, காபியைப் பூக்கவைக்கும் பூமழைக்கு முந்திய இடைவெளி. தை பிற்பாதியிலிருந்து மாசி முடிய என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வெட்டினால் கீழே நிற்கும் காபிச் செடியோடு பழமும் போகும். பூ விட்டபின் வெட்டினால் அடுத்த வருஷ விளைச்சல். மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தால் மிளகு பறித்து முடியும்வரை பொறுக்க வேண்டும். கொடியைக் காப்பாற்ற நினைத்தால் பக்கத்தில் முருங்கையோ கல்யாண முருங்கையோ முன்கூட்டியே நட்டு வையுங்கள்.

மழைக்காலம் வேண்டவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் மண் இளகி, கட்டையை ரோட்டுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. ஈரத்தில் கிடக்கும் கட்டையின் வெள்ளைப் பகுதியில் சில நாட்களிலேயே கரும்பூஞ்சை பிடிக்கும்.

அனுமதிக் கடிதத்தில் எந்தத் தேதிக்குள் வெட்ட வேண்டும் என்று இருக்கும். அதையும் இந்த மாதக் கணக்கையும் பொருத்திப் பாருங்கள். காலாவதியானால் நீட்டிப்புக்கு மறுபடி அலைய வேண்டும்.

5. வெட்டும் நாளும் துண்டு போடுவதும்

முதலில் கிளைகளைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லுங்கள். அப்படியே அடியோடு சாய்த்தால் நாற்பது காபிச் செடி நசுங்கும். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் மின்வாரியத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கூலியை நாளுக்கு என்று பேசுகிறீர்களா, மரத்துக்கு என்று பேசுகிறீர்களா என்பதைத் தெளிவாக்குங்கள். மரத்துக்கு என்று பேசினால் அதில் கிளை அடுக்குவதும், துண்டு போடுவதும், ரோட்டுவரை உருட்டுவதும் சேருமா என்று கேளுங்கள். 'வெட்டுவது' என்றால் அவர்கள் கணக்கில் சாய்ப்பது மட்டும்தான்.

துண்டு போடும்போதுதான் அளவுப்பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஆட்கள் பழக்கத்தில் 10 அடிக்கு ஒரு துண்டு போடுவார்கள். நம் நிலைக்கு 7 அடிக் கால் ஒன்று எடுத்தால் மீதி 3 அடி. மேல்சட்டத்துக்கு மூன்றரை வேண்டும். அரையடி குறைவதால் அந்த மூன்றடி முழுக்க விறகு. 7-உம் மூன்றரையும் பத்தரை, முனை வெடிப்புக்கு அரையடி, ஆக 11 அடியில் துண்டு போட்டால் ஒரே துண்டில் காலும் மேல்சட்டமும் வந்துவிடும். தோட்டத்துப் பாதையில் 11 அடிக் கட்டை திரும்புமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதையே இல்லாத தோட்டமாக இருந்தால், குதிரைச் சுமைக்கும் தலைச்சுமைக்கும் ஏற்றபடி அங்கேயே சட்டமாக அறுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். அனுமதியில் கட்டையாகவா, அறுத்த மரமாகவா என்று எப்படி எழுதியிருக்கிறது என்பதை அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

துண்டு போட்ட அன்றே, மறுநாள் அல்ல, இரண்டு முனையிலும் பழைய பெயிண்டோ உருக்கிய மெழுகோ கனமாகப் பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். பூசாமல் விட்டால் வெயிலில் கிடக்கும் முனையில் நட்சத்திரம்போல வெடிப்புக் கிளம்பிவிடும். வனத்துறை எண்ணும் முத்திரையும் முனையில்தான் போடுவார்கள், அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பூசுங்கள்.

அளவு எடுப்பது: நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, வர்க்கம் செய்து, 144-ஆல் வகுத்து, நீளத்தின் அடியால் பெருக்க வேண்டும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 11 அடி என்றால்: 60 ÷ 4 = 15; 15 × 15 = 225; ÷ 144 = 1.56; × 11 = 17.2 கன அடி. இது வியாபாரக் கணக்கு. அந்தக் கட்டையின் உண்மையான கன அளவு 21.9. வியாபாரக் கணக்கு எப்போதும் உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாகத்தான் வரும். நீங்கள் விற்பவராக இருந்தால் இது உங்களுக்கு நஷ்டம், வாங்குபவராக இருந்தால் லாபம். யாரும் ஏமாற்றவில்லை, ஊர் வழக்கம் அப்படி. ஆனால் பட்டையோடு அளக்கிறாரா, பட்டையைச் சீவிவிட்டு அளக்கிறாரா என்பதில் கவனம் வேண்டும்.

6. வழிச்சீட்டும் லாரியும்

வெட்ட அனுமதி வேறு, கொண்டுபோக அனுமதி வேறு. இதைக் கலந்து குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின் கீழ் வழிச்சீட்டு வாங்க வேண்டும். அதில் கட்டைகளின் எண்ணிக்கை, அளவு, எங்கிருந்து எங்கே, எந்த வழியாக, எந்தத் தேதிக்குள் என்று எல்லாம் இருக்கும். லாரி எண் மாறினால், தேதி தாண்டினால், துண்டு எண்ணிக்கை ஒன்று கூடினால் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். நாடு முழுக்க ஒரே முறை என்று 2023 டிசம்பரில் தொடங்கிய இணையவழி வழிச்சீட்டு முறையும் இருக்கிறது. உங்கள் ஊரில் எந்த முறையில் தருகிறார்கள் என்று சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் இறக்குங்கள். ஊத்து வழியாக வத்தலக்குண்டு இறங்கும் வளைவுகளில் நீளக் கட்டை ஏற்றிய லாரி பனியில் போவது ஆபத்து, இரவில் போனால் சந்தேகமும் சேரும். மூலச்சீட்டு ஓட்டுநர் கையில், நகல் உங்கள் கையில். வாடகை பேசும்போது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, காத்திருப்பு யார் தலையில் என்று கேளுங்கள். மலைக்கு வெறும் வண்டியாக ஏறி வருவதற்கும் சேர்த்துத்தான் வாடகை சொல்வார்கள். வாழைக்காயோ சவ்சவ்வோ ஏற்றக் காத்திருக்கும் வண்டியில் கட்டைக்கும் இடமிருக்கிறதா என்று விசாரித்தால் கொஞ்சம் மிச்சமாகும்.

7. அறுப்புப் பட்டறை

போவதற்கு முன் கட்டையில் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். வேலிக்கம்பி, மிளகுக் கொடி கட்டிய கம்பி, பழைய விளக்கு மாட்டிய ஆணி எல்லாம் மரம் வளர வளர உள்ளே புதைந்திருக்கும். பட்டையில் சின்னப் பள்ளமும் அதைச் சுற்றிக் கறுப்பும் தெரிந்தால் அங்கே இரும்பு. பேண்ட்சா (பட்டை வாள் இயந்திரம்) பிளேடு போனால் அதன் விலை உங்கள் கணக்கில். சில பட்டறைகள் இதை அறுத்து முடித்தபின்தான் சொல்வார்கள். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுப்புக்கூலி கட்டையின் கன அடிக்கா, அறுத்த மரத்தின் கன அடிக்கா? இரண்டுக்கும் வித்தியாசம் பாதிக்குப் பாதி. மேலே சொன்ன 60 அங்குலக் கட்டையில், தூளும் பட்டையும் வெள்ளையும் போக, வைரமாக 8 அல்லது 9 கன அடி கிடைத்தால் நல்ல அறுப்பு. மூன்று நிலைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நடுநெஞ்சு எந்தச் சட்டத்துக்குள்ளும் இருக்கக் கூடாது. நெஞ்சைச் சுற்றிச் சதுரமாக அறுத்த சட்டம் எவ்வளவு நல்ல மரமானாலும் காயும்போது நீளவாக்கில் பிளக்கும். கட்டையை முதலில் நெஞ்சு வழியாக இரண்டாகப் பிளந்து, அப்புறம் அளவு எடுக்கச் சொல்லுங்கள். கதவுப் பலகைக்கு, ஆண்டு வளையம் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால் வளையாது. அதில் சேதாரம் கூடும், பட்டறைக்காரர் முகம் சுளிப்பார். கதவுக்கு மட்டுமாவது வற்புறுத்துங்கள்.

பச்சைப் பலாவில் பால் வடியும். வாளில் பிசின் ஏறி அறுப்பு எரிந்து கருகும். மண்ணெண்ணெய் தடவித் தடவி அறுக்க வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

8. காயவைப்பது

இதை விட்டால் மேலே செய்த எல்லாம் வீண். பச்சை மரத்தில் நிலை செய்து வைத்துவிட்டு, ஆறு மாதத்தில் கதவு மூடவில்லை, இடைவெளியில் பல்லி போகிறது என்று மரத்தைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிழலில், காற்றோட்டமான கொட்டகையில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செங்கல்லோ கல்லோ வைத்து அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஓரங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), இரண்டடிக்கு ஒன்று. மேல்வரிசை ரீப்பர் கீழ்வரிசை ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தள்ளிப் போனால் பலகை அங்கே தொங்கிக் கோணிக்கொள்ளும். உச்சியில் பாரம் வையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்து மூடாதீர்கள், உள்ளே புழுங்கி மரம் பூஞ்சை பூத்துவிடும்.

வெள்ளை ஒட்டிய துண்டுகளை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால், போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு வெந்நீரில் கரைத்துப் பச்சையாக இருக்கும்போதே பூசுங்கள். காய்ந்தபின் பூசினால் உள்ளே இறங்காது.

எவ்வளவு காலம்? ஓரங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. மூன்று அங்குல நிலைக்கு மூன்று வருஷம் யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் ஒரு கோடையாவது முழுதாகக் காணாத சட்டத்தை நிலைக்குத் தொடாதீர்கள். அவசரம் என்றால் சூளையில் உலர்த்தித் தரும் பட்டறைகளில் பலகையைச் சில வாரங்களில் முடிக்கலாம், கூலி தனி.

காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி வாங்கலாம், அல்லது தராசு போதும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையின் முனையை ஓரடி தள்ளி, உள்ளிருந்து ஒரு சின்னத் துண்டு அறுத்து உடனே எடை போடுங்கள். சமையலறை ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை மேலும் குறையாத வரை காயவைத்து மறுபடி எடை போடுங்கள். 640 கிராம் 500 ஆனால், குறைந்த 140-ஐ 500-ஆல் வகுத்தால் 28 சதவீதம் ஈரம். வீட்டுக்குள் வரும் சாமானுக்கு 12 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும்.

மலையில் ஒரு சங்கடம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக நிற்கும் மாதங்களில், எவ்வளவு நாள் வைத்தாலும் மரம் 16 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. தாண்டிக்குடியில் காய்ந்த பலகையை மதுரை வீட்டில் கதவாக மாட்டினால் அங்கே போய் மறுபடி சுருங்கும். எந்த ஊரில் பயன்படப்போகிறதோ அந்த ஊருக்குப் பலகையைக் கொண்டுபோய், ஒரு மாதமாவது அடுக்கிவைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

9. செலவு

கையை விட்டுப் போகும் இடங்களை வரிசையாக எழுதுங்கள்: காகிதச் செலவு, வெட்டுக்கூலி, ரோட்டுக்குக் கொண்டுவரும் கூலி, லாரி, ஏற்று இறக்கு, அறுப்பு, ரீப்பர், கொட்டகை, நசுங்கிய காபிச் செடி. மொத்தத்தைக் கடைசியில் கையில் நிற்கும் வைர மரத்தின் கன அடியால் வகுக்க வேண்டும், கட்டையின் கன அடியால் அல்ல. கணக்கு புரிவதற்காக மட்டும்: எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய், கட்டை 30 கன அடி என்றால் கன அடி ஆயிரம்தான் என்று தோன்றும். அறுத்து நிற்பது 15 என்றால் இரண்டாயிரம். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ மரக்கடையில் அறுத்த பலா என்ன விலை என்று கேளுங்கள். ஒரே ஒரு சின்ன மரம், ரோடு இல்லாத தோட்டம் என்றால் கடையில் வாங்குவதே மேல் என்பது என் எண்ணம். மரம் நிழலுக்கும் மிளகுக்கும் நிற்கட்டும்.

10. ஆசாரியிடம் சொல்ல வேண்டியவை

பலாவில் நார் ஓட்டம் ஒரு வரிசை இப்படியும் அடுத்த வரிசை அப்படியுமாகப் பின்னிக்கொண்டிருக்கும். ஒரே பக்கமாக இழைத்தால் பட்டை பட்டையாகப் பெயர்ந்து வரும். இழைப்புளியைத் தீட்டி, அலகை மிகச் சன்னமாக வைத்து, சற்றுச் சாய்த்துத் தள்ளினால் வழுக்கும். பழைய ஆசாரிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பிளைவுட்டிலேயே கை பழகிய இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். திருகாணிக்கு முன்துளை போடச் சொல்லுங்கள். கதவுப் பலகையைச் சட்டத்துக்குள் பசை போட்டு இறுக்காமல், காடிக்குள் கொஞ்சம் அசைய இடம் விடட்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இழைத்த அன்று பளீரென்ற மஞ்சளைப் பார்த்துவிட்டு, "தேக்கு கலர் வேணும்" என்று சாயம் ஏற்றச் சொல்லாதீர்கள். ஒரு துண்டுப் பலகையை எடுத்து, பாதியைக் காகிதத்தால் மூடிக் கட்டி, சில வாரம் வெயிலில் போட்டுப் பாருங்கள். காகிதத்தைப் பிரித்தால் மூடியிருந்த பாதி எலுமிச்சை மஞ்சளாகவும், திறந்த பாதி தேன்பழுப்பாகவும் இருக்கும், நடுவே கோடு போட்டதுபோல. சாயம் ஏற்றினால் அதன்மேல் இந்தப் பழுப்பும் சேர்ந்து ஒரு வருஷத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிடும். புது மேசையின்மேல் முதல் சில மாதங்களுக்கு விரிப்போ பூச்சாடியோ நிலையாக வைக்காதீர்கள், அதன் வட்டம் அப்படியே பதிந்து நிற்கும். சாயமில்லாத பாலீஷ், அல்லது ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று கை, அவ்வளவே போதும்.

மீதி வரும் குட்டையான, பருத்த, கணுவில்லாத துண்டுகளை விறகுக்குப் போடும்முன் ஒரு போன் பேசுங்கள். மிருதங்கக் கட்டைக்கு இரண்டடிக்கு உட்பட்ட பலாத்துண்டு போதும், பண்ருட்டிப் பக்கம் அந்த வேலை நடக்கிறது. அடிமரம் நல்ல பருமனில் பழுதில்லாமல் இருந்தால், அதைத் துண்டு போடுவதற்கு முன்பே தஞ்சாவூர் வீணை செய்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். அனுப்புவதாக இருந்தால் அதற்கும் தனி வழிச்சீட்டு தேவையா என்று சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள்.